காயமும் காப்பும்

‘காயம்’ என்னும் சொல்லுக்கு உடம்பு என்பது ஒரு பொருள். புண் என்பது மற்றொரு பொருள். இவ்விரண்டும் வெவ்வேறு வழியில் வந்து தமிழில் ஓருருப் பெற்ற சொற்களாயினும், அவை ஒன்றாய் நிற்பதில் ஒரு பொருத்தம் உண்டு. உடம்பு இருக்குமிடத்தில் ஊறும் இருக்கும். ஓடுகின்ற கால் ஒருநாள் இடறும். எறிகின்ற தோள் ஒருநாள் நோகும். அதற்கு அஞ்சி ஆடாதிருத்தல் அறிவன்று. அதனைப் பொருட்படுத்தாது ஆடுதலும் அறிவன்று. ஊறு நேராமல் காக்கும் வழியும், நேர்ந்தபின் தீர்க்கும் வழியும் அறிந்து ஆடுதலே அறிவுடையார் செயலாகும். மாணவ மாணவியரே! அவ்வழிகளைக் கற்பிக்கும் கலையைப் பற்றியே இப்பாடத்தில் கூறப் புகுந்தேன். கூறுவதற்கு முன், நான் செய்த பிழை ஒன்றனை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

புதுச்சேரி நகரில் வைகறைப் பொழுது மிக இனியது. ஊர்திகள் ஓடாத கடற்கரைச் சாலையில் முதியோர் நடப்பர், இளைஞர் ஓடுவர். மரநிழலில் சிலர் இரும்பு உருண்டைகளை எறிந்து, பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற ‘பெத்தாங்க்’ ஆட்டத்தை ஆடுவர். உப்பளத்து விளையாட்டரங்கிலோ பந்தாட்டக்காரரும் ஓட்டக்காரரும் கதிரவன் எழுமுன்னரே கூடிவிடுவர். அவ்வரங்கின் ஓரமாக நடந்து வருவது ஓய்வு பெற்ற நாள் முதலாக எனக்கு வழக்கம். அங்கே ஓடும் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம் என் பழைய மாணாக்கன் ஒருவனது நினைவு எழும்.

நான் தமிழாசிரியனாகப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில் அவன் பத்தாம் வகுப்பில் பயின்றான். மான்போல் ஓடுவான். நானூறு மீட்டர் ஓட்டத்தில் அவனுக்கு நிகர் அக்காலத்தில் எங்கள் பள்ளியில் எவரும் இலர். பள்ளிகளுக்கிடையே நடைபெறும் போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது, சடுகுடு ஆடுகையில் அவனுடைய வலக்கால் உட்புறமாக மடங்கிற்று. கணுக்கால் எலுமிச்சம்பழம் போல் வீங்கிவிட்டது. “நரம்பு பிசகிற்று” என்றனர் வீட்டார். சூடான எண்ணெய் தடவி அழுத்தி உருவிவிட்டனர். வீக்கம் மிகுந்தது. போட்டிக்கு முதல் நாள் அவன் என்னிடம் வந்து, “ஐயா, நான் ஓடட்டுமா?” என்று வினவினான்.

யானோ பழந்தமிழ் இலக்கியத்தில் தோய்ந்தவன்; உடற்கூறு அறியாதவன். முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணை ‘விழுப்புண்’ எனப் போற்றிய மறவர் பெருமையை அவனுக்கு எடுத்துரைத்தேன். “வலிக்கு அஞ்சுபவன் வீரன் ஆகான்” என்றேன். அவன் காலை இறுகக் கட்டிக்கொண்டு ஓடினான், மூன்றாவதாக வந்தான். மறுநாள் வழிபாட்டுக் கூட்டத்தில் அவனது மன உறுதியை நான் வாயாரப் புகழ்ந்தேன். இரண்டு திங்களுக்குள் அக்கால் மேலும் இருமுறை மடங்கிற்று. அடுத்த ஆண்டு அவன் ஓட்டக்களத்திற்கு வரவே இல்லை.

ஆண்டுகள் பல கடந்தன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் அவன் என் இல்லத்திற்கு வந்தான். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. உடன் அவன் மகள், பதினான்கு வயதுச் சிறுமி, ஒற்றைக்காலால் நொண்டிக்கொண்டு வந்தாள். அவள் பள்ளிக் கால்பந்தாட்ட அணியில் ஆடுபவள். முதல்நாள் ஆட்டத்தில் அவளுக்கும் கணுக்கால் சுளுக்கிற்று. எட்டாம் நாள் போட்டி. “ஆடியே தீருவேன் என்கிறாள், ஐயா. எங்கள் பேச்சு ஏறவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பாள்” என்றான் அவன்.

அச்சிறுமி என்னை நோக்கி, “தாத்தா, நான் ஆடட்டுமா?” என்றாள்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே வினா! நான் அவள் தந்தையின் முகத்தைப் பார்த்தேன். அவன் தலை குனிந்து, “ஐயா, அன்றைக்கு நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் நின்றிருப்பேன்” என்று மெல்லக் கூறினான். அச்சொல்லில் சினம் இல்லை. ஆயினும் அது என் நெஞ்சில் தைத்தது. “அறியாதவன் விடை சொல்லலாகாது. அறிந்தவரிடம் செல்வோம்” என்றேன். மறுநாட் காலையில் மூவரும் மருத்துவமனை ஒன்றில் பணிபுரியும் இயன்முறை மருத்துவ அம்மையார் ஒருவரிடம் சென்றோம். அவரிடம் நான் கற்றவற்றையும், பின்னர் நூல்களில் கண்டவற்றையுமே இங்குக் கூறுகின்றேன்.

முதலில் பெயரை ஆராய்வோம். ‘பிசியோதெரபி’ என்று மக்கள் வழங்கும் கலையைத் தமிழில் ‘இயன்முறை மருத்துவம்’ என்கிறோம். இயல் என்பதும் முறை என்பதும் புணர, லகரம் னகரமாகத் திரிந்து இயன்முறை ஆயிற்று. மருந்தையும் கத்தியையும் முதன்மையாகக் கொள்ளாமல், உடற்பயிற்சி, கைத்தொழில் நுட்பம், வெம்மை, தண்மை, மின்விசை முதலிய இயற்கை ஆற்றல்களைக் கொண்டு உடலியக்கத்தை மீட்பது ஆதலின் அப்பெயர் பெற்றது. பிரெஞ்சு நாட்டினர் இதனைக் ‘கினேசிதெரபி’ என்பர். இயக்கத்தால் செய்யும் மருத்துவம் என்பது அதன் பொருள். பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்றும் ‘கினே’ என்றே கூறக் கேட்கலாம். ஒரு பெயர் இயற்கையைச் சுட்டுகிறது. மற்றொன்று இயக்கத்தைச் சுட்டுகிறது. இரண்டும் சேர்ந்தால் இக்கலையின் முழு விளக்கம் கிடைக்கும்.

இக்கலையும் உடற்பயிற்சியும் ஒரே மனையில் வளர்ந்தவை. சுவீடன் நாட்டில் பெர் என்ரிக் லிங் என்பவர் 1813-ஆம் ஆண்டில் ஸ்டாக்கோம் நகரில் ஓர் உடற்பயிற்சிக் கழகத்தைத் தோற்றுவித்தார். அங்கே நலமுள்ளார்க்கு உரிய பயிற்சியும் நோயுற்றார்க்கு உரிய பயிற்சியும் அடுத்தடுத்துக் கற்பிக்கப்பட்டன. இங்கிலாந்தில் 1894-ஆம் ஆண்டில் செவிலியர் நால்வர் கூடி இத்தொழிலுக்கென ஒரு சங்கம் கண்டனர். பின்னர் மூண்ட இரு உலகப் போர்களிலும் கை கால் ஊறுபட்ட வீரர் எண்ணற்றோரை மீண்டும் நடக்கவும் உழைக்கவும் செய்தபோது இதன் அருமையை உலகம் உணர்ந்தது. நம் நாட்டிலோ, இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தைகளின் துயரமே இக்கலைக்கு வித்தாயிற்று. 1950-களின் தொடக்கத்தில் மும்பையில் இதற்கான கல்விக்கூடம் எழுந்தது. 1955-இல் இந்திய இயன்முறை மருத்துவர் சங்கம் உருவாயிற்று. இளம்பிள்ளை வாதம் ஒழிந்த நாடென 2014-இல் இந்தியா அறிவிக்கப்பெற்றது. அந்நோய் அகன்றபோதிலும் அதன் பொருட்டு வளர்ந்த கலை பல துறைகளிலும் கிளை பரப்பி நிற்கின்றது. அக்கிளைகளுள் ஒன்றே விளையாட்டுத் துறை இயன்முறை மருத்துவம். இப்படிப்பு இன்று புதுச்சேரியிலும் உண்டு. 1823-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆட்சியார் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் நம் ஊர். அப்பள்ளியின் வழிவந்ததே 1964 முதல் சிப்மர் என்னும் பெயரால் விளங்கும் பெருமருத்துவ நிலையம். இத்தகைய ஊரில் அறியாமையால் ஒரு கால் கெடுமாயின், அக்குறை ஊரினதன்று, கேளாத நம்முடையதே.

இனி அம்மையார் செய்ததைக் கேளுங்கள். அவர் முதலில் சிறுமியின் காலைத் தொடவில்லை, கதையைக் கேட்டார். எவ்வாறு விழுந்தாய், கால் எப்பக்கம் மடங்கிற்று, விழுந்தவுடன் எழுந்து நடந்தாயா, முன்பு எப்போதேனும் இவ்வாறு நேர்ந்ததா என்று ஒவ்வொன்றாக வினவினார். பின்பு கணுக்காலின் இருபுற எலும்பு முனைகளையும் மெல்ல அழுத்திப் பார்த்தார். “நான்கு அடி நடந்து காட்டு” என்றார். அவள் நொண்டியேனும் நான்கு அடி வைத்தாள். கனடா நாட்டின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வகுத்த நெறி இது என்று அவர் விளக்கினார். எலும்பு முனையில் அழுத்தும்போது வலி இருந்தாலோ, நான்கு அடியும் வைக்க இயலாமற் போனாலோ, எலும்பு முறிந்திருக்கக் கூடும். உடனே எக்ஸ்ரே படம் எடுத்தல் வேண்டும். அவ்விரண்டும் இல்லையாயின் பெரும்பாலும் எலும்பிற்குத் தீங்கில்லை. வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் நோயின் காரணத்தை ஆராய்ந்து மருத்துவம் செய்யுமாறு கூறிய கருத்து என் நினைவிற்கு வந்தது.

“ஐயா, நரம்பு பிசகிற்று என்பது பிழை” என்றார் அம்மையார். நரம்பு என்பது உணர்ச்சியைக் கொண்டுசெல்வது. அது இடம் பெயரவில்லை. ஓர் எலும்பை மற்றோர் எலும்போடு பிணித்து நிற்கும் உறுதியான நார்கள் மூட்டுதோறும் உண்டு. கணுக்காலின் வெளிப்புறத்தில் அத்தகைய நார்கள் மூன்று உள்ளன. பாதம் உட்புறமாக மடங்கும்போது இவை அளவிறந்து இழுபடுகின்றன. முன்புறத்தில் இருப்பது பெரும்பாலும் முதலில் கிழிகின்றது. இதுவே சுளுக்கு. தசையே இழுபட்டுக் கிழிவது வேறு. தசையை எலும்போடு கட்டும் நாண் நைவது வேறு. எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாவது வேறு. நோய் வேறாயின் மருத்துவமும் வேறாதல் வேண்டுமன்றோ? எல்லாவற்றையும் ‘பிசகு’ என்னும் ஒரு சொல்லால் கட்டிவிட்டால், எல்லாவற்றையும் ஓர் எண்ணெயால் உருவிவிடவே தோன்றும்.

கிழிந்த நார் தானே பொருந்தும் ஆற்றல் உடையது. அது மூன்று நிலைகளில் நிகழ்கின்றது. முதற்சில நாட்களில் அவ்விடத்திற்குக் குருதி மிகுதியாகப் பாய்ந்து வீக்கமும் வெம்மையும் உண்டாகின்றன. இவ்வீக்கம் பகையன்று, பழுது நீக்க வந்த வேலையாட்களின் கூட்டம் என்று கொள்க. இரண்டாம் நிலையில், சில வாரங்கள் வரை, புதிய இழைகள் நெய்யப்படுகின்றன. ஆயின் அவை கலைந்த வைக்கோல்போல் ஒழுங்கின்றிக் கிடக்கின்றன. மூன்றாம் நிலையில், பல திங்கள் வரை, அவ்விழைகள் திரிந்து கயிறுபோல் வலிமை பெறுகின்றன. எத்திசையில் இழுவை வருகின்றதோ அத்திசை நோக்கி அவை வரிசைப்படுகின்றன. ஆதலால் அளவான இயக்கம் இல்லையேல் புதிய நார் வலுப்பெறாது. அளவு மீறிய இயக்கம் வந்தாலோ நெய்த இழையும் அறுந்துவிடும். அளவறிந்து இயக்குவதே இக்கலையின் உயிர்நிலை.

இதனைக் கேட்டபோது என் மாணாக்கனுக்கு நேர்ந்தது எனக்கு விளங்கிற்று. வேலையாட்கள் கூடிய முதல் நாட்களிலேயே சூடான எண்ணெயால் உருவி வீக்கத்தைப் பெருக்கினோம். இழை நெய்யத் தொடங்கிய நான்காம் நாளிலேயே ஓடவிட்டு அதனை அறுத்தோம். பின்பு வலுப்பெறச் செய்யும் பயிற்சி ஏதுமின்றி விட்டுவிட்டோம். வீட்டாரும் நானும் அன்பினாலேயே அவனுக்குத் தீங்கு செய்தோம்.

முதல் இரண்டு மூன்று நாட்களுக்குரிய ஒழுங்கை அம்மையார் எழுதித் தந்தார். காலுக்கு வேலை குறைத்தல். நீளும் துணிப்பட்டையால் அளவாகச் சுற்றுதல். படுக்கும்போது தலையணைமேல் காலை உயர்த்தி வைத்தல். வெந்நீர், உருவல், ஓட்டம் ஆகிய மூன்றையும் விலக்கல். “பனிக்கட்டி வைக்கலாமா?” என்று கேட்டேன். வலி தணிய, துணியில் சுற்றிச் சிறிது நேரம் வைக்கலாம் என்றார். அமெரிக்க மருத்துவர் கேப் மெர்க்கின் என்பவர் 1978-இல் ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தல் என்னும் நான்கையும் ஒரு சூத்திரமாக்கி உலகெங்கும் பரப்பினார். அவரே 2014-இல், பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தக் கூடும் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். தாம் நாட்டிய கொள்கையைச் சான்று மாறியபோது தாமே திருத்திய அப்பெருந்தன்மை என்னை மிகவும் கவர்ந்தது.

மூன்றாம் நாளுக்குப் பின் பயிற்சி தொடங்கிற்று. “காலின் பெருவிரலை எழுதுகோலாகக் கொண்டு காற்றில் எழுத்துகளை எழுது” என்றார் அம்மையார். சிறுமி உயிரெழுத்துப் பன்னிரண்டையும் காலால் எழுதினாள். ‘ஔ’ எழுதும்போது வலியும் சிரிப்பும் ஒருங்கே வந்தன. கணுக்கால் எல்லாத் திசைகளிலும் மெல்ல அசைவதற்கு இது நல்ல வழியாம். பின்னர் ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி இழுத்தல், குதிகாலை உயர்த்தி நுனிக்காலில் எழுதல் எனத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சிகள் வந்தன.

அடுத்து வந்த பயிற்சி எனக்கு வியப்பை அளித்தது. அவளை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். பின்பு கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். நல்ல காலில் அசையாது நின்றவள், நொந்த காலில் நாணல்போல் ஆடினாள். ஏனெனில், நம் மூட்டுகளில் அவை எந்நிலையில் உள்ளன என்பதை மூளைக்கு உணர்த்தும் நுண்ணிய உணர்வு முனைகள் உள்ளன. இருளிலும் நாம் படியேற முடிவது அவற்றாலேயே. சுளுக்கில் நாரோடு அவ்வுணர்வும் மங்கிவிடுகின்றது. மேடு பள்ளத்தில் கால் வைக்கும்போது மூளைக்குச் செய்தி காலந்தாழ்ந்து சேர்கின்றது. தசை தாங்குமுன் கால் மடங்கிவிடுகின்றது. ஒருமுறை சுளுக்கிய கால் மறுபடியும் மறுபடியும் சுளுக்குவதற்கு இது பெருங்காரணம். வலி நின்றபின்னரும் இப்பயிற்சியைச் சில திங்கள் செய்தால்தான் அவ்வுணர்வு மீளும். வலி போயிற்று என்பதும் நோய் போயிற்று என்பதும் ஒன்றல்ல என்பதை அன்றே உணர்ந்தேன்.

“எட்டாம் நாள் ஆடலாமா?” என்று சிறுமி மீண்டும் கேட்டாள். “நாளை எண்ணி விடை கூற மாட்டேன், காலைக் கேட்டு விடை கூறுவேன்” என்றார் அம்மையார். வீக்கம் முற்றும் வடிதல் வேண்டும். இரு கால்களும் ஒத்து அசைதல் வேண்டும். நொந்த காலால் தாவும் தொலைவு நல்ல காலால் தாவும் தொலைவில் பத்தில் ஒன்பது பங்கேனும் இருத்தல் வேண்டும். நேராக ஓடி, வளைந்து ஓடி, திடீரென நின்று திரும்பியும் வலியும் அச்சமும் இல்லாதிருத்தல் வேண்டும். இத்தேர்வுகளில் தேறியவரே களம் புகலாம் என்றார். சிறுமி அன்று அழுதாள். அப்போட்டியில் அவள் ஆடவில்லை. அவள் அணி தோற்றது. அந்த அழுகையைக் கண்டும் ‘ஆடு’ என்று சொல்லாதிருக்க எனக்கு மிகுந்த உறுதி வேண்டியிருந்தது.

அவளைத் தேற்றுவதற்காக நான் அறிந்த ஒரு வரலாற்றைக் கூறினேன். ஆத்திரேலிய நாட்டு வேகப்பந்து வீச்சாளர் டென்னிசு லில்லி என்பார் 1973-இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடச் சென்றபோது முதுகு வலியால் துன்புற்றார். இடுப்பருகே முதுகெலும்பில் வெடிப்புகள் உண்டாகியிருந்தமை பின்னர்த் தெரியவந்தது. ஆறு வாரம் அவர் உடலின் நடுப்பகுதியை மாவுக்கட்டில் வைத்தனர். அவர் ஆட்டம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆயின் அவர், உடற்கல்வி அறிஞர் பிராங்கு பைக் என்பவரின் வழிகாட்டுதலில், வயிறு முதுகுத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியையும் ஓட்டப் பயிற்சியையும் படிப்படியாகச் செய்தார். பந்து வீசும் முறையையும் திருத்திக்கொண்டார். 1974-75-ஆம் ஆண்டுப் பருவத்தில் இங்கிலாந்துக்கு எதிராக மீண்டும் களம் புகுந்து 25 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1984-இல் அவர் ஓய்வு பெற்றபோது எடுத்திருந்த 355 விக்கெட்டுகள் அந்நாளில் உலகச் சாதனையாகும்.

இவ்வரலாறு நம் தமிழகத்தோடும் தொடர்புடையது. 1987-ஆம் ஆண்டில் சென்னையில் எம்.ஆர்.எப். வேகப்பந்துப் பயிலகம் தொடங்கப்பெற்றபோது அதற்கு வழிகாட்டியாக வந்தவர் இந்த லில்லியே. கால் நூற்றாண்டுக் காலம் அப்பொறுப்பில் இருந்தார். அவரைப் பின்பற்றி 2012-இல் கிளென் மெக்ராத் அப்பொறுப்பை ஏற்றார். சவகல் சிறீநாத், சாகீர் கான் முதலிய இந்திய வீரர் பலர் அப்பயிலகத்தில் பயின்றவர். வேகம் ஒன்றையே நோக்காது, உடலை வலுப்படுத்துதலும், முதுகு முறுக்குண்ணாமல் வீசும் முறையும் அங்குச் சிறப்பாகக் கற்பிக்கப்பட்டன. பந்து வீசும்போது இடுப்பு ஒருபுறமும் தோள் வேறுபுறமும் திரும்பி முறுக்கினால் முதுகெலும்பில் வெடிப்பு நேர்வது மிகுதி என்பது ஆய்வாளர் கண்ட உண்மை. தம் முதுகில் பட்ட பாட்டைப் பிறர் முதுகு படாமற் காக்கும் பாடமாக்கிய லில்லியின் செயல் எண்ணத்தக்கது.

அண்மைக் காலத்துச் சான்று ஒன்றும் உண்டு. ஈட்டியெறியும் வீரர் நீரச் சோப்ரா 2019-ஆம் ஆண்டு மே திங்களில் வல முழங்கையில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். அவ்வாண்டு நடந்த உலகப் போட்டியையும் துறந்து, பொறுமையோடு மீட்சிப் பயிற்சி செய்தார். 2020 சனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக்குத் தகுதி பெற்றார். 2021 ஆகத்து 7-ஆம் நாள் டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து பொற்பதக்கம் வென்றார். ஓராண்டுப் போட்டிகளை இழக்க அஞ்சாதவர்க்கே அப்பொன் கிட்டியது.

தீர்த்தலினும் காத்தல் சிறந்தது. பன்னாட்டுக் கால்பந்துக் கழகத்தின் மருத்துவ அறிஞர்கள் 2006-ஆம் ஆண்டளவில் ‘பதினொன்று பிளசு’ என்னும் முன்பயிற்சி முறையை வகுத்தனர். மெல்லோட்டம், வலுவூட்டலும் சமநிலையும் தாவலும், விரைவோட்டம் என மூன்று பகுதிகளும் பதினைந்து பயிற்சிகளும் உடையது அது. இருபது நிமிடத்தில் முடிவது. சிறப்புக் கருவி ஏதும் வேண்டாதது. நார்வே நாட்டில் 13 முதல் 17 வயது வரையுள்ள பெண்களிடையே இதனைச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டனர். இதனைச் செய்த அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. உங்கள் வயதினர்க்கு இதனினும் மலிவான மருந்து எது?

நம் முன்னோரும் இதனை அறியாதவரல்லர். சிலம்பக் கூடத்தில் ஆசான், கம்பு சுழற்றும் வீச்சுகளுக்கு முன் காலடி வரிசையைப் பழக்குவார். மற்போர்க் களத்தில் மண்ணைக் கொத்தி மென்மையாக்கிய பின்னரே மல்லர் இறங்குவர். உடலைப் பதப்படுத்தாமல் களத்தில் இறக்கலாகாது என்னும் அறிவு அவ்வழக்கங்களில் அடங்கியிருக்கின்றது.

வளரும் பருவத்தினராகிய நீங்கள் மேலும் சிலவற்றை உள்ளத்திற் கொள்ளல் வேண்டும். உங்கள் எலும்புகளின் முனைகளில் வளர்ச்சிக்குரிய மெல்லிய பகுதிகள் இன்னும் முதிரவில்லை; ஆதலின் பெரியவர்க்குரிய சுமையை அவை தாங்கா. பயிற்சியைத் திடீரென இருமடங்காக்காது வாரந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்துக. ஆண்டு முழுதும் ஒரே ஆட்டத்தை ஆடாது இடையிடையே வேறு ஆட்டமும் ஆடுக. நன்றாக உறங்குக; உடல் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும் பொழுது அது. நம் கடற்கரை ஊரின் புழுக்கத்தில் வியர்வை மிகுதலின் ஆட்டத்திற்கு முன்னும் இடையிலும் பின்னும் நீர் பருகுக. ஓரிடத்தில் வலி நாள்தோறும் தொடருமாயின் அதனை மறையாது பெற்றோரிடமும் பயிற்றுநரிடமும் கூறுக. தலையில் அடிபட்டு மயக்கமோ தலைசுற்றலோ தோன்றினால் அன்று மீண்டும் களம் புகவே கூடாது. மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும்.

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என மருத்துவத்திற்கு நான்கு கூறுகள் உண்டு என்பது வள்ளுவர் வகுத்த நெறி. இயன்முறை மருத்துவத்தில் நோயாளியின் பங்கு பெரிது. ஏனெனில் இங்கே அவர் செய்யும் பயிற்சியே மருந்து. மருந்தைப் பிறர் புகட்டலாம். பயிற்சியைப் பிறர் செய்துதர இயலாது. உடனிருப்போர் பங்கும் சிறிதன்று. “பொறு” என்று சொல்ல வேண்டிய இடத்தில் “ஓடு” என்று சொல்லி நான் கெடுத்தது அந்நான்காம் கூற்றையே.

அச்சிறுமி ஏழாவது வாரத்தில் தேர்வுகள் அனைத்திலும் தேறினாள். அடுத்த பருவத்தில் அவள் ஆடுவதை உப்பளத்து அரங்கில் நானும் அவள் தந்தையும் அமர்ந்து கண்டோம். ஆட்டம் தொடங்குமுன் அவள் ஒற்றைக்காலில் நின்று கண்மூடிப் பயிற்சி செய்தாள். கால் சிறிதும் ஆடவில்லை. அவள் தந்தை தன்னையறியாமல் தன் வலக் கணுக்காலைத் தடவிக்கொண்டான். நான் ஒன்றும் பேசவில்லை.

விழுப்புண்ணின் பெருமையை நான் இன்றும் மறுக்கின்றேன் அல்லேன். நாட்டைக் காக்கும் போரில் பட்ட புண் போற்றத்தக்கதே. ஆயின் விளையாட்டு போர் அன்று. அது உடலை வளர்ப்பதற்கென அமைந்தது. உடலைக் கெடுத்து அதில் பெறும் வெற்றி, விதைநெல்லைக் குற்றி உண்பது போன்றது. வலியைப் பொறுத்தல் ஒரு வீரம். வலி கூறும் செய்தியைக் கேட்டுக் களத்திற்கு வெளியே காத்திருத்தல் அதனினும் பெரிய வீரம். மாணவ மாணவியரே! உங்கள் தோழனோ தோழியோ நொண்டிக்கொண்டு வந்து, “நான் ஆடட்டுமா?” என்று கேட்டால், என்னைப்போல் விரைந்து விடை கூறாதீர்கள். கைகொடுத்து, அறிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.